அண்டர்ஸ்டாண்ட் பண்ணிக்குங்க

ஆங்கிலத்தில் எனக்கு அடியோடு பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. அது கெட்ட வார்த்தை இல்லை. எல்கேஜி பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைதான். அண்டர்ஸ்டாண்ட்.

கோயமுத்தூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அகராதியில் இருக்கிற பொருள்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு பேச்சின் பொருளை அறிவது. ஒருவர் மனதை அறிவது. நேராகச் சொல்லாததை ஊகித்துக்கொள்வது. காதில் விழுந்த செய்தியைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது. இவ்வளவுதான். ஆனால் ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் யாரும் அதை இந்தப் பொருள்களில் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: வாயை மூடிக்கொள்.

நம்பாவிட்டால் எங்கள் தாளாளர் அறைக்கு வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அட்மிஷன் வேலைக்கு வரவேண்டும் என்பார். ஏன் என்று யாராவது கேட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். “கொஞ்சம் அண்டர்ஸ்டாண்ட் பண்ணிக்குங்க மேடம்” என்பார். இதில் அண்டர்ஸ்டாண்ட் பண்ண என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். புரியாமல் அங்கே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை விழுந்ததும் எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அவற்றில் என் தலையும் ஒன்று.

நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் இரண்டு மாதம் லிஃப்ட் ஓடவில்லை. சங்கச் செயலாளர் ஒட்டிய அறிவிப்பில் எப்போது சரியாகும் என்று எழுதவில்லை, ஏன் ஓடவில்லை என்றும் எழுதவில்லை. குடியிருப்போர் அண்டர்ஸ்டாண்ட் செய்துகொள்ளும்படி கேட்டிருந்தார். நான்காவது மாடிக்குக் காய்கறிப் பையோடு ஏறிய ஒவ்வொரு நாளும் அந்த ஆளை நான் மனதார வைதிருக்கிறேன்.

இதன் தங்கச்சி ஒன்று இருக்கிறது, அண்டர்ஸ்டேண்டிங். கல்யாணச் சந்தையில்தான் அதற்கு மவுசு. “நல்ல அண்டர்ஸ்டேண்டிங்கான பொண்ணா இருக்கோணுமுங்க” என்று தரகரிடம் சொல்லிவைப்பார்கள். சம்பாதிக்க வேண்டும், சம்பாதிப்பது தெரியக் கூடாது என்று அர்த்தம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர்போகும் வலி. ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப அண்டர்ஸ்டேண்டிங்கான பொண்ணு என்று அங்கேயே பூ வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் பல்லைப் பிடுங்கினேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

தமிழ் மட்டும் என்ன யோக்கியம்? புரிவது என்றால் செய்வது என்றும் அர்த்தம். தொழில் புரிந்தான், திருமணம் புரிந்தான், கொலை புரிந்தான். செய்வதெல்லாம் செய்துவிட்டுப் புரிந்துகொள் என்று எதிராளியிடம் சொல்ல வசதியாக ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருக்கிறோம்.

வகுப்பிலும் இதே கதைதான். “ஐ ஆம் அண்டர்ஸ்டேண்டிங் மேம்” என்று பிள்ளைகள் சொல்லும். அப்படிச் சொல்லக் கூடாது, இது நடந்துகொண்டிருக்கும் வினையாக வராது, ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று திருத்துவேன். உடனே அறுபது பேரும் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்பார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. எனக்கும் தெரியும். மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அறுபது பேரையும் நிற்கவைத்து, உனக்கு என்ன புரிந்தது, உன் வாயால் சொல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் போர்ஷன் முடியாது.

இத்தனைக்கும் மேலே என் அம்மாவின் ‘சரிங்க.’

அம்மா காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார். எழுபத்துமூன்று வயது. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘சரிங்க’தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குச் சரிங்க. ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்கும் சரிங்க. போனில் பதிவு செய்த குரல், நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்ல, அதற்கும் அம்மா “சரிங்க” என்று சொல்லிவிட்டு வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அது சம்மதம் இல்லை. புரிந்தது என்பதும் இல்லை. நீங்கள் பேசினீர்கள், நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்தான் எங்கள் ஆட்களின் சாமர்த்தியம் இருக்கிறது.

போன வருஷம் அப்பா தவறினார். உயில் எழுதவில்லை. வீடும் அதைச் சுற்றியிருந்த நிலமும் அம்மா, நான், என் தம்பி ஆகிய மூன்று பேருக்கும் பொதுவாக வந்தன. தம்பி வீட்டை ஒட்டியே தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறான். அவனும் மனைவியும் டவுனுக்குள் வேறு வீடு கட்டிப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. அக்கா தங்கைகள் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி என்ன என்பது வாதம். சட்டம் வேறு சொல்கிறது. சட்டத்தைப் படித்த வக்கீல்களின் வீட்டுப் பெண்களும் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

என் பங்கு எனக்கு வேண்டாம் என்று தம்பி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவனோடு மல்லுக்கு நிற்கப் பிடிக்காத சோம்பல்தான். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

“அம்மாவும் ஒரு கையெழுத்துப் போடோணுமுங்கக்கா. மில்லுக்கு லோன் போடறேன். பேங்க்குல ஒரே பேருல கேக்கறாங்க. சும்மா ஃபார்மாலிட்டிங்க.”

பத்திரத்தின் நகலைப் பதிவுக்கு முதல் நாளே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பரீட்சைத் தாளில் ஒரு கமா விட்டுப்போனாலும் மார்க்கைக் குறைக்கிறவள் நான். அந்தப் பத்திரத்தை என் பெயர் வரும் இடம் வரைக்கும் பார்த்தேன், இனிஷியல் சரியாக இருந்தது, போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனேன். தம்பி அம்மாவைக் காரில் முன்சீட்டில் உட்காரவைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிவந்திருந்தான். அம்மா, விசேஷத்துக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டியிருந்தார். தம்பி எங்கள் இரண்டு பேருக்கும் இளநீர் வாங்கிக்கொடுத்தான், அம்மாவுக்கு வழுக்கையைச் சுரண்டிக் கையில் வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கும். எடுப்பதையெல்லாம் ‘ங்க’ போட்டு எடுத்தால் அது எடுத்ததாகாது என்று நம்புகிற லட்சம் பேரில் அவன் ஒருவன்.

எங்கள் டோக்கன் வர நேரமாகும் என்றார்கள். தம்பி பத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுத்தரைப் பார்க்கப் போனான். நானும் அம்மாவும் சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பொழுதுபோகாமல் மடியில் இருந்த பத்திரத்தைப் புரட்டினேன். அப்போதுதான் முழுதாகப் படித்தேன்.

பத்திரத் தமிழ் ஒரு தனி மொழி. எழுதுகிறவருக்கே விளங்குமா என்பது சந்தேகம். ஆனால் ஒரு வரி பளிச்சென்று இருந்தது. மேற்படி வீட்டிலும் நிலத்திலும் இன்று முதல் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை, சுவாதீனத்தையும் இன்றே ஒப்படைத்துவிட்டேன் என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தது. சுவாதீனம் என்றால் அனுபவிப்பது, அதாவது அதில் குடியிருப்பது. அம்மா உயிரோடு இருக்கிற வரைக்கும் வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வரி போடுவது வழக்கம். அந்த வரியைத் தேடினேன். முன்பக்கம், பின்பக்கம் எங்கேயும் இல்லை. கடைசியில் மட்டும், இதைப் படித்துப் பார்த்தும் படிக்கக் கேட்டும் நன்கு புரிந்துகொண்டு முழு மனதோடு கையெழுத்திடுகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மா அதில் ஒரு எழுத்துகூடப் படித்திருக்கவில்லை.

அம்மா பக்கத்தில்தான் இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த கைக்குழந்தையிடம் “என்ன தங்கம், என்ன சாமி” என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லாமல் இல்லை. இருபது நிமிஷம் இருந்தது. தம்பியின் முகம் எல்லோர் முன்னாலும் எப்படி மாறும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். தாளாளரையும் லிஃப்ட் செயலாளரையும் கேட்க முடியாததையெல்லாம் அவனை வைத்துக் கேட்டுவிடலாம் என்று ஒரு வெறி.

டோக்கன் வந்தது. உள்ளே போனோம். சார்பதிவாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். பேச்சு தெற்கத்திப் பேச்சு. என்னிடம் கேட்டார், நான் சொன்னேன். கேமராவில் படம் பிடித்தார்கள், சின்னக் கருவியில் விரலை வைத்தேன், கையெழுத்துப் போட்டேன். அடுத்தது அம்மா.

“அம்மா, பத்திரத்தைப் படிச்சுப் பாத்தீங்களா? என்ன எழுதியிருக்குன்னு தெரியும்ல?”

“சரிங்க அம்மணி” என்றார் அம்மா.

அந்தப் பெண் தலையசைத்துக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பாவம், வேறு ஜில்லாக்காரர். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“ஒரு நிமிஷங்க மேடம்” என்றேன். “இவங்க சரிங்கன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லீங்க. என்ன எழுதியிருக்குதுன்னு இவங்க வாயாலயே சொல்லச் சொல்லுங்க.”

தம்பி “அக்கா” என்றான். நான் திரும்பவில்லை.

சார்பதிவாளருக்கு எரிச்சல்தான். வெளியே கூட்டம் நின்றது. இருந்தாலும் கேட்டார். அம்மா எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

“என்ற பையன் பேருக்கு எழுதிக் குடுக்கறனுங்க. மில்லுக்கு லோன் வாங்கோணுமாமா. நான் இருக்கற வரைக்கும் ஊடு எனக்குங்க. அதுக்கப்பறம் அவனுக்குங்க.”

அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டினார். “அப்படி இதுல இல்லையேம்மா. இன்னையோட உங்களுக்கு எந்த உரிமையும் இல்லைன்னுதான் இருக்கு. வீட்டையும் ஒப்படைச்சிட்டதா எழுதியிருக்கு.”

அம்மா தம்பியைப் பார்த்தார். “ஏன் சாமி?”

நான் எதிர்பார்த்த முகம் வந்தது. காது வரைக்கும் சிவந்துபோயிற்று. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, கொஞ்சம் அண்டர்ஸ்டாண்ட் பண்ணிக்குங்க. ஊட்ட இடிச்சாத்தானுங்க தேங்காப் பருப்புக் காயப்போடற களத்துக்கு எடம் பத்தும். உங்களுக்குக் கோயமுத்தூருல நல்ல எடமாப் பாத்து வெச்சிருக்கறனுங்க. தனி ரூமு. தெனமும் நர்ஸு வந்து பாப்பாங்க. உங்க வயசுக்காரங்க நெறையாப் பேரு இருக்காங்க.”

அந்த இடம் என்னவென்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரல்ரேகைக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த ஊழியர்கூடக் கையை நிறுத்திவிட்டார். பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் தள்ளப்போகிறவன், அதையும் அவர் அண்டர்ஸ்டாண்ட் பண்ணிக்கொள்ள வேண்டும் என்கிறான்.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க அம்மணி. மன்னிச்சுக்குங்க” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். என் வயதுக்கு அம்மா ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். சம்மதம் இல்லாமல் பதிய முடியாது என்று சொல்லிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தம்பி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் அம்மாவும் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் முதல்முறையாக ஒருத்தருக்கு ஒன்றைப் புரியவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து எங்கள் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் எனக்குப் போன் செய்தார். ஊரில் யார் வீட்டில் எது உடைந்தாலும் ஒட்டவைக்கப் புறப்பட்டுவிடுகிற ஆள் அவர்.

“ஒண்ணுமில்லீங்கம்மணி, சின்ன மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்குதான்” என்றார்.

இது அந்த வார்த்தைக் குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை. ஒருவன் செய்த காரியம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்துபோனால் அதற்கு எங்கள் பக்கத்தில் மிஸ்அண்டர்ஸ்டேண்டிங் என்று பெயர். “மாமா, இத்தனை நாளா இருந்ததுதானுங்க மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்கு. அன்னைக்கு நடந்தது அண்டர்ஸ்டேண்டிங்கு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்தப் பதிலைப் பற்றி எனக்கு இரண்டு மூன்று நாள் பெருமையாக இருந்தது. ஸ்டாஃப் ரூமில் சொல்லிக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம்தான் அம்மாவைப் பார்க்கப் போனேன். வீடு அப்படியே இருந்தது. அம்மாவின் பெயரும் அதில் அப்படியே இருந்தது. தம்பி மில்லுக்கு ரோட்டுப் பக்கமாகப் புதிதாக ஒரு கேட் போட்டிருந்தான். அதுவரைக்கும் அவன் அம்மா வீட்டு வாசல் வழியாகத்தான் மில்லுக்குப் போவான். காலையில் ஏழு மணிக்கு வந்து, சமையற்கட்டில் நின்றபடியே அம்மா கையால் ஒரு டீ குடித்துவிட்டு, அப்புறம்தான் மில்லைத் திறப்பான். டவுனில் குடியேறிய பிறகும் அதை விடவில்லை. இப்போது கார் ரோட்டுப் பக்கமாக வந்து, ரோட்டுப் பக்கமாகப் போகிறது. மில் ஓடும் சத்தம் மட்டும் நாள் முழுக்க வீட்டுக்குள் கேட்கிறது.

அம்மா எனக்கு டீ போட்டார். பாத்திரத்தில் தம்பிக்கும் சேர்த்து இரண்டு பேருக்கு இருந்தது. மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, என் டம்ளரிலேயே ஊற்றினார்.

“அவன் வரதே இல்லீங்களாம்மா?”

“எப்படி வருவான்? நாலு பேத்துக்கு முன்னால அவன நிக்க வெச்சுப்போட்டமில்ல.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “அவன் பண்ணுனது உங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா? உங்களை ஏமாத்தியிருக்கறான். உங்களுக்குப் புரியட்டும்னுதானுங்க நான் கேட்டேன்” என்றேன். வகுப்பில் வருகிற குரல்தான் வந்தது.

அம்மா அடுப்பை அணைத்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குரல்கூட உயரவில்லை.

“நீ பெஞ்சுல என்ற பக்கத்துலதான கண்ணு உக்காந்திருந்த? அந்தக் காயிதத்தப் படிச்சுட்டுத்தான இருந்த? காதுல ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, தல சுத்துது சாமி, இன்னொரு நாளைக்கு வரலாம்னு அவங்கிட்டச் சொல்லிப்போட்டு எந்திரிச்சு வந்திருப்பேன். மறுக்கா கூப்புட்டா மறுக்காவும் தல சுத்தியிருக்கும். நான் போற வரைக்கும் சுத்தியிருக்கும். ஊடும் இருந்திருக்கும், பையனும் வந்துட்டுப் போயிட்டு இருந்திருப்பான்.”

அப்படி ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.